‘வாங்க’ என்றால் எத்தனை பேர்?

1

இது கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. மலேசியாவின் சிரம்பானில் ஒரு வாசகர் கூட்டத்தில், உரைநடை என்றால் என்ன, அது கவிதையிலிருந்து எங்கே பிரிகிறது என்று இருபது நிமிடம் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஓசை, சந்தம், வரி மடிப்பு என்று நான்கு பக்கம் எழுதினேன். ஐந்தாம் பக்கத்தில் எனக்கே கொட்டாவி வந்தது.

அந்த வாரம் ரஹ்மத் நிஷா வீட்டுக்குத் தேநீர் குடிக்கப் போனேன். ஓய்வுபெற்ற ஆசிரியை. அவருடைய தகப்பனார் குலாம் முகம்மது, வெள்ளைக்காரர்கள் அறிவித்த மலாயா அவசரகாலத்தில் லாபு பக்கம் போலீசுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். என் தலைப்பைக் கேட்டதும் நிஷா சிரித்தார்.

“அதுக்கு எங்க அத்தா ஒரு கதை சொல்வாரு. நாலு வரிப் பாட்டு, ஒரு பொம்பள, ஒரு துரை. கட்டுரையெல்லாம் எதுக்குலா?”

வீடு திரும்பியதும் நான்கு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: ‘பனி கலையாத ரப்பர் மரங்களுக்கிடையே அந்த விடியல் ஒரு…’

[விட்டுவிட்டேன். அன்று காலை விடியலைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. எல்லோரும் சோதனைக்காக வரிசையில் நின்றார்கள்.]

இரண்டாவது தொடக்கம்: 1951, ஆகஸ்டு. லாபுவுக்கு உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டம். காட்டிலிருந்து சண்டை போடுகிற கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போகக் கூடாதென்று தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். பால்வெட்டப் போகிறவர்களை வாசலில் ஒவ்வொருவராகத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். பால்வெட்டுக்காரி ராக்கம்மாவின் தலைத்துணிக்குள் அரிசி இல்லை. நாலாக மடித்த நாள்காட்டித் தாள் ஒன்று இருந்தது. அதன் பின்பக்கம் பென்சிலில் நான்கு வரி:

சோறு வடிச்சு வச்சேன்
சொல்லாமப் போனவரே
காடு கடந்து வாங்க
கம்பிவேலி தாண்டி வாங்க

[தோட்டத்துப் பெண்ணுக்கு எழுதத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். நிஷாவிடம் கேட்டேன். “தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல மூணாவது வரைக்கும் படிச்சவங்க. ஏன், எழுதத் தெரிஞ்சா கதைக்கு ஆகாதா?” என்றார். வெட்கமாகப் போயிற்று.]

இந்தத் தொடக்கமே இருக்கட்டும்.

3

காலை பத்து மணிக்குத் தோட்ட ஆபீசின் பக்கத்து அறையில் விசாரணை, அந்தப் பாட்டு காட்டுக்காரர்களுக்கு அனுப்பும் சேதியா என்று. துரை இளைஞர். போலீசுக்கு வருமுன் வேறொரு தோட்டத்தில் சின்ன துரையாக இருந்து, புத்தகத்தைப் பார்த்துக் கொஞ்சம் தமிழ் படித்தவர். ஆபத்து அங்கேதான். அவருக்குத் தமிழே தெரியாமல் இருந்திருந்தால் குலாம் முகம்மது எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பார்.

“‘வா’ ஒரு ஆள்,” என்றார் துரை, தாளைத் தட்டிக்கொண்டே. “‘வாங்க’ நிறைய ஆள். எத்தனை பேர்?”

“ஒருத்தர்தான் துரை. புருஷனை மரியாதையாகக் கூப்பிடுவது.”

“அவளைக் கேள்.”

குலாம் ராக்கம்மா பக்கம் திரும்பினார். “யாரம்மா கூப்பிட்டிருக்க?”

“எங்க வீட்டுக்காரரத்தான், பாய்.”

“எங்க இருக்காரு?”

“சயாம் ரயிலு போடப் புடிச்சிட்டுப் போனாங்க, ஜப்பான்காரன் காலத்துல. வெட்டுக்காட்டுல நின்னவர அப்படியே லாரியில ஏத்திட்டானுங்க. வீட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போகக்கூட விடல. எம் மக பஞ்சாலை அப்ப வயித்துல.”

“பாட்டுல வேலி எப்படி வந்துச்சு?”

“அது போன மாசந்தான் சேத்தேன். அவரு போறப்ப இந்த வேலி இல்லல்ல. திரும்பி வர்றவரு வழி தெரியாம வெளியவே நின்னுட்டா?”

இதை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கிய குலாம் பாதியில் நிறுத்திக்கொண்டாராம். மறுபடி முதலிலிருந்து சொல்லி முடித்தார் என்றார் நிஷா.

துரை அடுக்கடுக்காகக் கேட்டார். சோறு வடித்தது எந்த நாள்? யார் சாப்பிட்டது? புருஷன் உயிரோடு இருந்தால், எந்தக் காட்டில்? செத்துவிட்டிருந்தால், செத்தவனை எதற்கு வேலி தாண்டச் சொல்கிறாள்?

[துரையைக் கெட்டவராக எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. அவர் கேட்டதெல்லாம் நான் ஒவ்வொரு கதையிலும் என் பாத்திரங்களைக் கேட்பவை. யார், எப்போது, எங்கே, இருக்கிறாரா இல்லையா. உரைநடை இவற்றுக்குப் பதில் சொல்லாமல் இரண்டு பக்கம் நகர முடியாது. கவிதையிடம் இந்தக் கேள்விகள் செல்லாது.]

குலாம் குரலைத் தாழ்த்தினார். “செத்துட்டாருன்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா. இது ஒப்பாரின்னு எழுதி முடிச்சிடலாம். இல்லேன்னா ரெண்டு வருசம் உள்ள வைப்பாங்க. அப்புறம் கப்பலேத்தி இந்தியாவுக்கு அனுப்பினாலும் அனுப்புவாங்க. பிள்ளை என்னா ஆகும்?”

“அப்படிச் சொன்னா நான் தாலிய அவுக்கணும், பாய்.”

“எட்டு வருசமாச்சேம்மா.”

“ஆச்சு. யாரும் என்னைய அந்த வார்த்தையச் சொல்லச் சொல்லல. பாட்டுல அவரு வந்துக்கிட்டேதான் இருக்காரு.”

4

அவள் என்ன சொன்னாள்?

ஒரு பிரதியில் அவள் வாயே திறக்கவில்லை. விலங்கோடு லாரியில் ஏறினாள். என் பேனாவுக்கு அது பிடித்திருந்தது. எட்டு வயதுப் பிள்ளையை வைத்திருக்கிறவளுக்குப் பிடிக்குமா? இன்னொரு பிரதியில் ‘செத்துட்டாரு’ என்று கதறித் தரையில் விழுந்தாள். அதையும் அடித்துவிட்டேன். நடந்தது வேறு.

“பள்ளிக்கூடம் விடற நேரமாச்சா?” என்று முதலில் கேட்டாளாம். இன்னும் இல்லை என்றார் குலாம்.

“எழுதிக்குங்க. செத்துட்டாருன்னு சொல்றாங்க.”

துரை நிமிர்ந்தார். அவர் காத்திருந்த வார்த்தை காதில் விழுந்துவிட்டது, அதற்கு மேல் அவர் கவனிக்கவில்லை. ஆனால் ராக்கம்மா முடிக்கவில்லை.

“‘சொல்றாங்க’ன்னும் சேத்து எழுதணும் பாய். நான் பாக்கல. பாத்தவங்களையும் நான் பாக்கல. அதையும் எழுதுங்க.”

குலாம் தமிழில் எழுதினார்: ‘என் கணவர் வீரமுத்து சயாமில் இறந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். நான் பார்க்கவில்லை. பார்த்தவர்களையும் நான் பார்த்ததில்லை.’ துரைக்கு ஆங்கிலத்தில் ஒரே வாக்கியம்தான் வாசித்துக் காட்டினார்: புருஷன் இறந்துவிட்டான், இது ஒப்பாரி. ராக்கம்மா முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். உச்சிக்கு முன்பே விட்டுவிட்டார்கள். நாள்காட்டித் தாள் போலீஸ் கோப்போடு போயிற்று.

ஓசையைக் கழித்துவிட்டால் கவிதை உரைநடையாகிவிடும் என்று முப்பது வருடம் நம்பியிருந்தேன். இப்போது இல்லை. கவிதைக்குச் சாட்சி தேவையில்லை. உரைநடைக்குத் தேவை, சாட்சி இல்லாதபோது இல்லை என்று எழுதுகிற துணிச்சலும் தேவை. அந்த அறையில் நல்ல உரைநடை தெரிந்தவள் ராக்கம்மா ஒருத்திதான். அவளேதான் அந்தப் பாட்டையும் கட்டியவள்.

கூட்டத்தில் இதைச் சொல்லி முடிக்கலாம். கதை இன்னும் முடியவில்லை.

5

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, லுக்குட் சந்தையில் ஒரு துணிக்கடை வாசலில் குலாம் அவளைப் பார்த்தார். பஞ்சாலைக்குப் பாவாடைத் துணி எடுக்க வந்திருந்தாள்.

“கழுத்துல தாலி இருந்துச்சாமா?” என்று நிஷாவிடம் கேட்டேன்.

“அத்தா பாக்கல. பாக்கக் கூடாதுன்னே பாக்கல.”

ராக்கம்மாதான் பேச்சை ஆரம்பித்தாளாம். “பாட்டுல இன்னொரு வரி சேத்துட்டேன், பாய். இந்தத் தடவை எழுதி வைக்கல.” சந்தைக் கூட்டத்துக்கு நடுவே, மெதுவாக அந்த வரியைச் சொன்னாள். சொல்லிவிட்டு மகள் கையைப் பிடித்துக்கொண்டு லாரி நிற்கும் பக்கம் போய்விட்டாள்.

அந்த வரி என்னவென்று குலாம் முகம்மது கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. நிஷா பலமுறை கேட்டிருக்கிறார். “அர்த்தம் கேப்பீங்க. அந்த வேலைய நான் விட்டாச்சு”ன்னுட்டாராம்.

பதினோரு தடவை எழுதிப் பார்த்துவிட்டேன். ஒன்றில் வீரமுத்து வந்துவிட்டார். இரண்டில் செத்துவிட்டார். ஒன்றில் ராக்கம்மா காத்திருந்து களைத்து… [அடித்துவிட்டேன்.] எனக்கு வருவதெல்லாம் பதில்கள். நான் உரைநடைக்காரன், பழக்கம் அப்படி.

உங்களுக்கு அந்த ஐந்தாவது வரி வரலாம். வந்தால் என்னிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். என்ன அர்த்தம் என்று கேட்டுவிடுவேன்.