அத்தை வீட்டு விலாசம்

"உன் வீடு எங்கே?"

"பூங்கா பக்கத்துல. மாடி வீடு. பச்சை கேட்டு."

"அது யார் வீடு?"

"அத்தை... இல்ல இல்ல, எங்க வீடு!"

"மறுபடியும் அத்தையா! நாளைக்குப் பள்ளிக்கூடத்துல போய் இப்படி உளறினா எல்லாம் போச்சு." அம்மா பின்னலை ஓர் இழுப்பு இழுத்தாள். சிட்டு "ஆ" என்று கத்தினாள்.

சிட்டுவின் அம்மா பேருந்து நடத்துநர். அவளை ஏமாற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. டிக்கெட்டுக் காசை மிச்சம் பிடிக்க, பிள்ளையின் வயதைக் குறைத்துச் சொல்லும் பெற்றோர் தினமும் ஏறுவார்கள். அவர்களிடம் அவள் வாதாடவே மாட்டாள். குனிந்து பிள்ளையிடம், "எந்தக் கிளாஸ் படிக்கிறே கண்ணு?" என்பாள். அது பெருமையாக, "ரெண்டாங் கிளாஸ்!" என்று போட்டு உடைத்துவிடும். பெற்றவர்கள் முகத்தில் ஈயாடாது. "புள்ளைக்கு நல்லதைச் சொல்லிக் குடுங்க" என்று பேருந்துக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் டிக்கெட்டைக் கிழிப்பாள்.

அப்படிப்பட்டவள்தான் வீட்டில் உட்கார்ந்து பெற்ற மகளுக்குப் பொய் விலாசத்தை உருப்போட வைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. அவர்கள் தெருமுனையிலும் அரசுத் தொடக்கப்பள்ளி உண்டு. இரண்டு வகுப்புக்கு ஒரே டீச்சர், கழிப்பறைக்குக் கதவு கிடையாது. பூங்கா அருகே இருப்பதும் அரசுப் பள்ளிதான். ஆனால் அங்கே வகுப்புக்கு ஒரு டீச்சர், ஓடி விளையாட இடம், அலமாரி நிறையக் கதைப் புத்தகங்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் குடியிருப்பவர்களுக்கு மட்டுமே இடம் என்பதுதான் விதி. நாத்தனார் வீடு அங்கே இருந்தது வசதியாகப் போயிற்று.

"ஊர்ல யாரும் செய்யாததையா செய்யறோம்?" என்றான் தச்சு வேலை செய்யும் கணவன். அவளும் மனசைத் தேற்றிக்கொண்டாள்.

மறுநாள் பூங்காப் பள்ளியின் தலைமையாசிரியை இவர்களை ஒன்றும் கேட்கவில்லை. மேசைக்கு மேலாகக் குனிந்து, "உன் வீடு எங்கேம்மா இருக்கு?" என்று சிட்டுவைக் கேட்டார். அம்மாவுக்குத் திக்கென்றது. அது அவளுடைய வித்தை அல்லவா!

சிட்டு கண்ணைக்கூட இமைக்கவில்லை. "பூங்கா பக்கத்துல. மாடி வீடு. பச்சை கேட்டு. என் ரூம் ஜன்னல்ல நின்னா ஊஞ்சல் தெரியும். நான் பொறந்ததுல இருந்தே அங்கதான் இருக்கோம்."

ஜன்னலையும் ஊஞ்சலையும் யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லி முடித்துவிட்டு, சரியாகச் சொன்னேனா என்பதுபோல அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

பேருந்தில் எந்தப் பிள்ளைக்கும் இவ்வளவு சுத்தமாகப் பொய் வந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் சேருவதற்கு முன்பே என் மகள் முதல் பாடத்தைப் படித்து முடித்துவிட்டாள், படிப்பித்தவள் நான் என்று நினைத்தபோது அம்மாவுக்கு அவமானமாக இருந்தது.

"மேடம், அவ சொன்னது பொய். நாங்கதான் சொல்லிக் குடுத்தோம்."

கணவன் அவள் கையைப் பிடித்து அழுத்தினான். "வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இரேன்!"

தலைமையாசிரியை பெருமூச்சு விட்டார். "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியாம்மா? வெளியே நிக்கிற வரிசையில பாதிப் பேர் வீடு இங்கே இல்ல. நான் கண்டுக்கறதில்ல. நீ இப்படி வாயைத் தொறந்து சொன்னா என்னால சேர்க்க முடியாது. சொன்னதை மறந்துட்டேன், கையெழுத்துப் போட்டுட்டுப் போ."

பேனா மேசை மேல் கிடந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

"வேணாம் மேடம். எங்க தெருப் பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக்குக் கதவு ஏன் இல்லன்னு இப்பத்தான் புரியுது. கேக்க வாயிருக்கிறவங்க எல்லாரும் இங்கே வந்து பொய் சொல்லிட்டு நிக்கிறோம். அங்கே கேக்க யார் இருக்கா?"

வெளியே வந்ததும் கணவன் வெடித்தான். "கைக்கு வந்த இடத்தை விட்டுட்டியே! அவ அந்தக் கதவில்லாத இடத்துலயா படிக்கணும்?" சற்று நடந்த பிறகு அவனே குரலைத் தணித்தான். "சரி, ஒரு கதவுதானே, நானே அடிச்சு மாட்டிடறேன்."

"நீங்க மாட்ட வேணாம். நாம கட்டுற வரி எங்கே போகுது? மாட்ட வேண்டியவங்களை மாட்ட வைப்போம். தெருவுல இருக்கிற பெத்தவங்க அத்தனை பேரையும் கூட்டிக்கிட்டுக் கல்வி அலுவலக வாசல்ல போய் நிக்கிறேன். பஸ்ஸுல கத்திப் பழகின தொண்டை, சும்மாவா இருக்கும்?"

தெருமுனைப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர் இவர்களை நம்ப முடியாமல் பார்த்தார். "இங்கேயா சேர்க்கப் போறீங்க?" என்றவர், சிட்டுவிடம் கேட்டார். "உன் வீடு எங்கே?"

சிட்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். "எந்த வீட்டைம்மா சொல்லணும்?"

"நம்ம வீட்டைச் சொல்லுடி."

"இதே தெருதான்! தண்ணிக் குழாய்க்கு எதிர் வீடு!" என்று சிட்டு கத்தினாள். அம்மாவுக்குக் கண் கலங்கியது.

"நல்லா யோசிச்சீங்களா? இங்கே கழிப்பறைக்குக் கதவுகூட..." என்று டீச்சர் இழுத்தார்.

"யோசிச்சுட்டோம் டீச்சர். நல்ல பள்ளிக்கூடத்துல இடம் பிடிக்கிறதுதான் பெத்தவங்க கடமைன்னு இத்தனை நாள் நெனச்சுக்கிட்டிருந்தேன். நம்ம பள்ளிக்கூடத்தைக் கைவிடாம, அதுக்குச் சேர வேண்டியதைக் கேட்டு வாங்கறதுதான் கடமை. நாளைக்கு அலுவலகத்துக்குப் போறோம். நீங்களும் வாங்க."