தலைக்கு முதல் பங்கு

எத்தியோப்பியாவின் புட்டாஜிரா சந்தையில் பெத்ரியாவின் வயிறு எரிகிறது என்றால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. காய்ந்த சிவப்பு மிளகாயை மூட்டை மூட்டையாக வாங்கி, அரைத்து விற்பவள் அவள். "மிளகாய்க்காரி வயிறு எரியாம, பால்காரி வயிறா எரியும்?" என்று அவள் கணவனின் அக்கா கெரிமா சந்தைக்கே கேட்கும்படி சொல்லுவாள். பெத்ரியாவும் சேர்ந்து சிரித்துவிடுவாள். அந்த எரிச்சல் கல்யாணத்துக்கு முன்பிருந்தே உண்டு.

கர்ப்பமான பிறகுதான் சிரிக்க முடியாமல் போனது. மசக்கை அடங்கும் மாதங்கள் தாண்டியும் குமட்டல் நிற்கவில்லை. கோச்சோ ரொட்டியில் ஒரு விள்ளல் வாயில் வைத்தால் நெஞ்சு வரை நெருப்பு ஏறியது. பாதி நாள் வெறும் தண்ணீரோடு போயிற்று.

"ஏழாம் மாசமா இது? காலையில கஞ்சி குடிச்ச என் வயிறு இதைவிடப் பெருசா தெரியுதே!" என்றாள் கெரிமா ஒருநாள்.

"அக்கா, கொஞ்சம் வாயை மூடு" என்றான் பெத்ரியாவின் கணவன் ஷிஃபா. மறுநாள் காலையிலேயே மனைவியைத் தன் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

டாக்டர் யிர்கா அவள் வயிற்றை டேப் வைத்து அளந்தார். முகம் சுருங்கியது. மலத்தைப் பரிசோதிக்கச் சொன்னார். முடிவு வந்ததும், "உன் இரைப்பையில ஒரு கிருமி குடியிருக்கும்மா. சின்ன வயசுலயே வந்திருக்கும்" என்றார்.

"மிளகாயினால இல்லையா?"

"மிளகாய் மேல பழி போடாதே. ஆட்டுக்கறியையே கரைக்கிற அமிலத்துக்குள்ள சுகமா உக்காந்திருக்கிற பயல் அவன். நம்ம ஊர்ல பாதிப் பேர் வயித்துல இருக்கான். என் வயித்துலயும் இருப்பான். நிறையப் பேருக்குத் தெரியாமலே போயிடும். சிலருக்கு வாந்தி, ரத்தசோகைன்னு ஆகும். வயித்துல இருக்கிற பிள்ளையோட வளர்ச்சியும் குறையலாம்னு சொல்றாங்க. உறுதியாச் சொல்ல முடியல."

பிறகு ஸ்கேன். சாம்பல் நிறத் திரையில் குழந்தை அசைந்தது. டாக்டர் தலையை அளந்தார், வயிற்றை அளந்தார், மறுபடியும் தலையை அளந்தார்.

"எடை குறைவு. வயிறு ஒட்டியிருக்கு. ஆனா தலையைப் பாரு, மாசத்துக்குச் சரியா இருக்கு."

"அது எப்படி?"

"வர்றது போதலைன்னா பிள்ளை ரத்தத்தைத் திருப்பி விட்டுக்கும். மூளைக்கும் இதயத்துக்கும் முதல் பங்கு. மிச்சம்தான் மத்ததுக்கு."

பெத்ரியாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவள் தட்டை ஒதுக்கிவிட்டுப் படுத்துக் கிடந்த நாளெல்லாம், அந்த இருட்டுக்குள் யாரோ கிடைத்த கொஞ்சத்தைக் கணக்காகப் பங்கிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். அது இன்னும் வெளிச்சத்தைக்கூடப் பார்த்ததில்லை.

"யாரு சொல்லிக்கொடுத்தது அதுக்கு?" என்றாள்.

யிர்கா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "தினமும் பாக்குறேன். எனக்கே இன்னும் பழகலை."

அப்போது குழந்தை வாயைத் திறந்து, தன்னைச் சுற்றியிருந்த நீரை ஒரு மிடறு விழுங்கியது. "அல்லாஹ்!" என்றான் ஷிஃபா.

கர்ப்பத்தில் கொடுக்கக்கூடிய மருந்துகளும் இரும்புச்சத்து மாத்திரையும் கிடைத்தன. மற்றவை பிரசவத்துக்குப் பிறகு என்றார் டாக்டர். எரிச்சல் மெல்ல மெல்லத் தணிந்தது. பெத்ரியா ஓட்ஸ் கஞ்சியைக் கரண்டி கரண்டியாகக் குடித்தாள். குமட்டினால் கண்ணை மூடிக் காத்திருந்து, மறுபடியும் குடித்தாள். உள்ளே ஒருவர் காத்திருக்கும்போது தான் மட்டும் எப்படி முகத்தைத் திருப்புவது?

மிளகாய்க் கடையில் உட்கார்ந்தது யார் தெரியுமா? கெரிமா. நாள் முழுக்கத் தும்மிவிட்டு, மூக்குச் சிவக்க வீடு வந்து, "குடிச்சியா? பாத்திரத்தைக் காட்டு" என்று அதட்டுவாள்.

அடுத்த ஸ்கேனில் குழந்தையின் வயிறு கொஞ்சம் உருண்டிருந்தது. யிர்கா சத்தமாகவே சிரித்துவிட்டார்.

மழை விட்ட ஒரு காலையில் பெண் பிறந்தது. சிறியதுதான், ஆனால் அழுகை வராந்தா வரை கேட்டது.

"இவ்வளவு சின்னதாப் பொறந்ததுக்கு அந்தக் கிருமிதான் காரணமா டாக்டர்?" என்று கெரிமா யிர்காவைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கலாம். சாப்பிடாததும் இருக்கலாம். ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம்."

கெரிமாவின் கைகளில் குழந்தையைக் கொடுத்தார்கள். வாய் ஓயாத அவள், மிச்சப் பங்கிலும் முழுசாக வளர்ந்திருந்த அதன் சுண்டுவிரல் நகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.