மூத்த மாப்பிள்ளையின் முன் சீட்டு

ஏலத்தில் போன பழைய பஸ்ஸை வாங்கி, தேவநாதன் அதை ஒரு வீடாகவே ஆக்கியிருந்தான். முன் சீட்டு தவிர மற்ற சீட்டுகளைக் கழற்றிவிட்டுப் படுக்கப் பலகை அடித்து, பின்கோடியில் ஸ்டவ் பொருத்தி, கூரைமேல் தண்ணீர் டிரம் ஏற்றியிருந்தான். அறுபத்து நாலில் கடலூர் முதுநகரில் அப்படியொரு வண்டியை யாரும் பார்த்ததில்லை. மாமனார் வீட்டாரை ஏற்றிக்கொண்டு தேவனாம்பட்டினம் கோட்டை, பரங்கிப்பேட்டை, சிதம்பரம், தரங்கம்பாடி என்று கடலோரமாகவே சுற்றிவருவதாகத் திட்டம்.

மூத்த மாப்பிள்ளை சுப்பராயலுவுக்குப் புறப்படும்போதே வயிறு எரிந்தது. அந்த வீட்டில் முதல் இலை அவருக்கு. எந்த நல்ல காரியத்துக்கும் தேங்காய் உடைப்பது அவர் கை. அன்று மாமனார் நடனசபாபதி தேங்காயை இளைய மாப்பிள்ளை தேவநாதனிடம் நீட்டினார்.

"வண்டி அவருதுல்ல, அவரே ஒடைக்கட்டும்."

சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. டிரைவர் பக்கிரிக்குப் பக்கத்துச் சீட்டில் தேவநாதன் ஏறிக்கொண்டான். சுப்பராயலுவுக்குக் கிடைத்தது அரிசி மூட்டைக்கும் மாமியாரின் வெற்றிலைப் பெட்டிக்கும் நடுவே ஓர் இடம்.

"மூஞ்ச ஏங்க இப்படி வச்சிருக்கீங்க?" என்றாள் மனைவி மாரியம்மாள்.

"வெயிலு."

"விடிஞ்சும் விடியாமலா?"

தேவனாம்பட்டினத்தில் தேவநாதன் கோட்டைச் சுவரைத் தட்டிக்காட்டி, வெள்ளைக்காரனும் பிரெஞ்சுக்காரனும் மாறிமாறி அடித்துக்கொண்ட கதையைச் சொன்னான். மாமியார் வாய் பிளந்து கேட்டாள்.

"இதே செவுத்த நான் காட்டினப்ப, வெறும் செங்கல்லுன்னீங்களே அத்தை" என்றார் சுப்பராயலு.

"நீங்க கத சொல்லலியே மாப்ள!"

எல்லோரும் சிரித்தார்கள்.

புதுச்சத்திரம் தாண்டியதும் தேவநாதன் பின்னால் திரும்பினான். "அண்ணே, ரோடு காண்ட்ராக்டே ஒங்களுது. கடல் பக்கமா ஒரு வழி சொல்லுங்களேன்."

மீனவக் குப்பத்துக்குப் போகும் பாதைக்குக் கப்பிக்கல் கொட்டியது அவர்தான். அது சவுக்குத் தோப்போடு நின்றுவிட்டது. அப்பால் வெறும் மணல். வண்டி புதையட்டும், தம்பி முழிக்கட்டும், மெயின் ரோட்டுக்கு நடந்துபோய் லாரி கொண்டுவந்து இழுத்துவிட்டு, யார் பெரியவன் என்று காட்டலாம். நினைக்கவே இனித்தது.

"தோப்பத் தாண்டிப் போ. கடக்கர வரைக்கும் ராஜா மாதிரி போலாம்."

தோப்பைத் தாண்டியதும் பின்சக்கரம் அச்சுவரை இறங்கியது. சுப்பராயலு நிதானமாகச் செருப்பை மாட்டினார். "பயப்படாதீங்க, நான் போயி லாரி..."

தேவநாதன் அதற்குள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குப்பத்தை நோக்கி ஓடியிருந்தான். திரும்பும்போது அவனோடு பத்திருபது மீனவர்கள் வந்தார்கள். படகை உருட்டும் பனங்கட்டைகளைச் சக்கரத்தடியில் செருகி, வடம் கட்டி, ஏலேலோ போட்டு இழுத்தார்கள். மாமனாரே சட்டையைக் கழற்றிவிட்டு வடம் பிடித்தார். தேவநாதன் ரெண்டு தரம் குப்புற விழுந்தான். வாயெல்லாம் மணலோடு அவன் எழுந்தபோது மாமியார் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"இம்மாம் பெரிய படவ நாங்க இழுத்ததே இல்ல சாமி!" என்றார் ஒரு மீனவர்.

வண்டி மேலேறியதும் குப்பத்துப் பெண்கள் ஒரு கூடை சங்கரா மீனைக் கொண்டுவந்தார்கள். பஸ்ஸிலேயே குழம்பு கொதித்தது. குப்பமும் குடும்பமும் தோப்பு நிழலில் சேர்ந்து சாப்பிட்டன.

"நீங்க மட்டும் இந்த வழி சொல்லலன்னா இதெல்லாம் கெடைக்குமா மாப்ள!" என்று மாமனார் சுப்பராயலுவின் தோளைத் தட்டினார்.

"இனிமே அண்ணன்தான் முன்னாடி. நான் பின்னால போறேன்" என்றான் தேவநாதன். அவன் குரலில் துளி குத்தல் இல்லை. அதுதான் சுப்பராயலுவுக்குத் தாங்கவில்லை.

முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தவரிடம் மாரியம்மாள் தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். "கப்பி தோப்போட நின்னுபோச்சுன்னு போன மாசம் நீங்கதான சொன்னீங்க?"

அவர் செம்பை வாங்கவில்லை. "யார்கிட்டயும் சொல்லிடாத."

"சொல்ல என்னா இருக்கு? எல்லாரும் சந்தோஷமாத்தான இருக்காங்க" என்று சொல்லிவிட்டு அவள் பின்பக்கம் போய் ஏறிக்கொண்டாள்.

வயல்களுக்கு மேலே தூரத்தில் சிதம்பரம் கோபுரம் எழுந்தது. அதை முதலில் பார்த்தவர் சுப்பராயலுதான். சொல்ல வாயெடுத்துத் திரும்பினார். பின்னால் தேவநாதன் தான் விழுந்த விதத்தை மறுபடி நடித்துக்காட்டிக்கொண்டிருந்தான். மாரியம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்தப் பக்கம் யாரும் பார்க்கவில்லை.