அக்கா அளவெடுத்த வில்

தையல்கார அக்காவுக்கும் அவள் தங்கச்சிக்கும் சேர்த்து ஒரே ஒரு மழைக்கோட்டுதான். அக்காவுக்கு அது முழங்காலுக்கு மேலேயே நின்றுவிடும். தங்கச்சிக்குக் கணுக்காலைத் தட்டும். இருவருக்குமே பொருந்தாத அந்தக் கோட்டைத்தான் அக்கா “ரெண்டு பேருக்கும் பொது” என்பாள். குடை, வீட்டுச் செருப்பு, போன் சார்ஜர், கட்டிலருகே சுற்றும் மேசை ஃபேன் எல்லாமே அந்த வீட்டில் பொது. மூக்குக்கண்ணாடி கூடப் பொதுதான். அக்காவுக்கு ஊசி கோக்க, தங்கச்சிக்கு மாத்திரை அட்டை படிக்க என்று அது மூக்கு மாறி மூக்கு மாறிக் காதுக் கம்பி இரண்டும் தொளதொளத்துப் போயிருந்தது.

இத்தனைக்கும் அக்கா நிலைப்படியில் குனிந்து நுழைகிற உயரம். தங்கச்சி அவள் தோளுக்குக் கீழே. அக்கா எட்டு வருடத்துக்கு முன் புருஷனைப் பறிகொடுத்த பிறகு தையல் மிஷினும் இரண்டு பெட்டியுமாக வந்து இறங்கியவள். வீடு தங்கச்சியுடையது என்பது தெருவில் பாதிப் பேருக்கு இன்றைக்கும் தெரியாது. தெரிந்த மீதிப் பேருக்கு மறந்துவிட்டது. நாற்பத்து நான்கு வயதிலும் அவளைத் தெருவே “தங்கச்சி” என்றுதான் கூப்பிடுகிறது. அவளைவிட இளையவர்கள் கூட.

தங்கச்சிக்குப் பல் ஆஸ்பத்திரியில் முன்மேசை உத்தியோகம். பல்வலிக்காரனுக்குக் கோபம் வருவது இயல்பு. ஆனால் டாக்டர் அறைக்குள் போய்விட்டால் வாயைத் திறந்தபடியே கிடக்க வேண்டும், திட்ட முடியாது. ஆகவே உள்ளே திட்ட வேண்டியதையும் சேர்த்து முன்மேசையிலேயே திட்டிவிட்டுப் போவார்கள். கன்னம் வீங்கியவர்கள், போனில் அழுகிறவர்கள், “இன்னும் எவ்ளோ நேரம்?” என்று சுவர்க் கடிகாரத்தைக் காட்டிக் கேட்கிறவர்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மிஷின் சத்தமும் அதை மீறிய அக்காவின் குரலும். “வந்துட்டியா? அந்த ஊதா நூலை எடு. ஏன் முகத்தைத் தூக்கி வச்சிருக்கே?” முகத்தைத் தூக்கி வைக்கக்கூடத் தெம்பில்லை என்பதைச் சொல்லவும் தெம்பிருக்காது.

அவளுக்கு வில் ஆசை வந்த கதை இப்படி. ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒருநாள் ஊழியர்களை எல்லாம் வேனில் ஏற்றி, பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இருக்கும் வில் பயிற்சிக் கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். பழைய குளிர்சாதனக் கிடங்கு அது. நீளமான தகரக் கொட்டகை, கடைசியில் வைக்கோல் பலகைகள். ஆளுக்கொரு காம்பவுண்டு வில்லைக் கையில் கொடுத்தார்கள். இரண்டு முனையிலும் சக்கரம் வைத்த நவீன வில். நாணை இழுக்க இழுக்கக் கல்லைக் கட்டி இழுப்பது போலக் கனத்தது. தோள் முறுகி, “போதும்பா சாமி” என்று விட்டுவிடலாமா என்று நினைத்த இடத்தில் சக்கரம் புரண்டது. கனம் சட்டென்று கழன்றுவிட்டது. நாண் முழுதாக இழுபட்டுக் கன்னத்தோரம் இருக்கிறது, கையிலோ பாரமே இல்லை. கூடத்தில் யாரும் பேசவும் கூடாது. கடந்த எட்டு வருடத்தில் தங்கச்சி ஓய்வாக இருந்தது அந்த ஒரு மூச்சு நேரம்தான். அம்பு எங்கே போய்க் குத்தியது என்று அவள் பார்க்கக்கூட இல்லை.

அந்த இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும், அதற்குத் தனக்கென்று ஒரு வில் வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

அக்கா கடைக்குத் துணைக்கு வருவதாகத்தான் கிளம்பினாள். கடை ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இருந்தது. கடைக்காரர் சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்ட ஏக்கத்தில் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார்.

“யாருக்கும்மா வில்லு?”

தங்கச்சி வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள். “எங்க ரெண்டு பேருக்கும்.”

“அப்ப ரெண்டு வில்லா?” கடைக்காரர் முகம் மலர்ந்தது.

“ஒண்ணு.” மலர்ந்த முகம் கூம்பிவிட்டது.

“அம்மா, இது சட்டை மாதிரி இல்ல. கையை விரிச்சு அளந்து, எவ்ளோ தூரம் இழுப்பீங்களோ அதுக்குச் சக்கரத்தை முடுக்கி வைக்கணும். ஒருத்தருக்கு வச்சா இன்னொருத்தருக்கு ஆகாது. தடவைக்குத் தடவை மாத்தினா குறியெல்லாம் மறுபடி முதல்லேர்ந்து வைக்கணும்.”

“சட்டை மாதிரி இல்லன்னு தையல்காரிகிட்டயே சொல்றீங்களா தம்பி?” அக்கா கைப்பையிலிருந்து டேப்பை உருவினாள். கடைக்காரர் கையிலும் ஒரு டேப் இருந்தது. அது இருந்த இடம் தெரியாமல் மேசைக்குள் போய்விட்டது. “கையை விரிடி. நேரா நில்லு. எப்பப் பாரு கூன் போட்டுக்கிட்டு.”

தங்கச்சி விரித்தாள். அக்காவைத் தங்கச்சி அளக்கும்போது டேப்பின் நுனியைப் பிடிக்க ஸ்டூலில் ஏற வேண்டியிருந்தது. கடைக்காரர் கணக்குப் போட்டுச் சொன்னார். தங்கச்சிக்கு இழுப்பு இருபத்தைந்து அங்குலம், அக்காவுக்கு இருபத்தெட்டு.

“நடுவுல வைங்க. இருபத்தாறரை. லூசுக்கு ஒரு அரை இஞ்ச் விடுங்க. இருபத்தேழு.”

“லூசா? வில்லுக்கா?”

“எதுக்கும் கொஞ்சம் விட்டு வைக்கணும். பின்னாடி வேணும்னா பிடிச்சுக்கலாம்.”

அந்த வீட்டில் ‘பொது’ என்று வருகிற எதுவும் கடைசியில் அக்கா பக்கம் அரை இஞ்ச் தள்ளியே வந்து நிற்கும் என்பது கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? அவர் தங்கச்சியைப் பார்த்தார். “நீங்க என்ன சொல்றீங்க?”

சொல்லியிருக்கலாம். இது எனக்கு வாங்க வந்தது என்று ஒரு வரி போதும். ஆனால் இவள் ஒரு வரி சொன்னால் அக்கா முப்பது வரி சொல்லுவாள். கடையில் பாதி, பேருந்தில் மீதி. அதை நினைத்ததுமே தங்கச்சிக்கு அலுத்துவிட்டது. “அக்கா சொல்ற மாதிரியே வைங்க.”

கடைக்காரர் சாப்பாட்டை நினைத்துக்கொண்டு சாவியை எடுத்துச் சக்கரத்தை முடுக்கினார். நாணின் நடுவே ஒற்றைக் கண்ணால் பார்க்க ஒரு குட்டி வளையம் கட்டினார். அதையும் அக்காவின் நீள முகத்துக்கும் தங்கச்சியின் உருண்டை முகத்துக்கும் நடுவே ஓரிடத்தில் கட்டச் சொன்னாள் அக்கா. இழுக்கிற கனத்தை மட்டும் தங்கச்சியின் சக்திக்குக் குறைத்தார்கள். அந்த ஒன்றை விட்டுக்கொடுத்ததைப் பற்றி அக்கா ஒரு வாரம் தெருவில் பேசினாள். பணம் கொடுத்தது தங்கச்சி. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் வில் பெட்டியின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு பேருந்து ஏறுவதைத் தெரு வேடிக்கை பார்த்தது. முதலில் ஆர்மோனியம் என்றார்கள். அப்புறம் மடிக்கிற கட்டில் என்றார்கள். எதிர்வீட்டு ஓட்டுநர்தான் கேட்டே விட்டார். வில் என்று தெரிந்ததும், “ஏன், தையல் கூலி தராதவங்களுக்கா?” என்று சிரித்தார்.

கூடத்தில் மேற்பார்வை பார்ப்பவருக்கு விசில் என்று பெயர். கழுத்தில் விசில் தொங்கும். நிற்க ஒரு ஊதல், எய்ய ஒரு ஊதல், போய் அம்பு பொறுக்க ஒரு ஊதல். மற்றபடி வாய் திறக்க மாட்டார், யாரையும் திறக்கவும் விடமாட்டார். அக்கா அங்கேயும் கிசுகிசுத்தாள்.

முதல் முறை அக்காவுக்கு. எப்போதும் அக்காவுக்குத்தான் முதல். வில் அவளுக்கு இம்மி இறுக்கிப் பிடித்தது, ஆனாலும் சமாளித்தாள். தங்கச்சி முறை வந்தபோதுதான் வினை. இழுத்தாள், கனத்தது, தோள் முறுகியது. இதோ கழலப்போகிறது என்று காத்திருந்தாள். கழலவில்லை. அவள் கை எட்டுகிற எல்லைக்கு இரண்டு விரற்கடை அப்பால் இருந்தது அந்த இடம். முதுகை வளைத்து, கழுத்தைப் பின்னுக்குத் தள்ளி எக்கினால் எப்போதாவது எட்டும். எட்டிய மறுநொடி வில் அவளை முன்னால் வெடுக்கென்று இழுத்துவிடும். எய்தால் நாண் முன்கையில் சாட்டையாக அடித்தது.

“முழங்கையைத் தூக்குடி. எனக்கு வருது, உனக்கு ஏன் வரல?”

நாலு ஞாயிறு இப்படிப் போனது. முன்கை முழுக்கக் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் பல் சுத்தம் செய்கிற பெண் அதைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாள்.

“உண்மையைச் சொல்லுங்க. யார் அடிக்கிறாங்க?”

“வில்லு.”

“வில்லு எதுக்கு அடிக்கணும்?”

“அது எங்க அக்கா அளவு.”

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் சொன்ன பிறகு தங்கச்சிக்குப் புரிந்தது. காசு கொடுத்து வாங்கியது இளைப்பாறுகிற ஒரே இடம். அதைக்கூட அக்கா நடுவில் நறுக்கி, எட்டாத உயரத்தில் ஆணியடித்து மாட்டிவிட்டாள். இதையும் விட்டுவிட்டால், இனிமேல் தன் கைக்கு எட்டும்படி அந்த வீட்டில் ஒன்றும் இருக்காது.

அடுத்த வாரம் ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். “எங்கடி தூக்கிட்டுப் போறே?” என்ற அக்காவிடம், “திருகு ஆடுது, காட்டிட்டு வரேன்” என்றாள். நாள் முழுக்கப் பெட்டி முன்மேசைக்கு அடியில் கிடந்தது. பல்வலிக்காரர்கள் வழக்கத்தைவிட மரியாதையாகப் பேசினார்களாம். சாயங்காலம் கடைக்காரர் அவளைக் கண்டதும் பெருமூச்சு விட்டார். “வருவீங்கன்னு தெரியும். அக்கா கீழ நிக்கிறாங்களா?”

“இல்ல. நான் மட்டும்தான்.”

இருபத்தைந்துக்குச் சக்கரத்தைத் திருப்பி முடுக்கினார். வளையத்தை அவிழ்த்துக் கீழே இறக்கினார். “கண்ணை மூடிக்கிட்டு இழுங்க. கை எங்க நிக்குதோ நிக்கட்டும். இப்ப கண்ணைத் திறங்க. வளையம் நேரா தெரியுதா?” தெரிந்தது. கனமும் கழன்றது. கடைச் சுவருக்கு முன்னால் அவள் நின்றுகொண்டேயிருந்தாள். அம்பு வைக்காமல் நாணை விட்டுவிட்டால் வில்லே சிதறிவிடும் என்ற பயத்தில் அவர்தான் பதறினார். “மெல்ல இறக்குங்க, மெல்ல.”

அவளாக வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிறு வந்தது. அக்கா வழக்கம்போல் முதலில் போய்க் கோட்டில் நின்றாள், அம்பை வைத்தாள், இழுத்தாள். பாதியிலேயே நாண் முட்டிக்கொண்டு நின்றது. நெடிய கை மடங்கி, முழங்கை கூரையைப் பார்த்தது. ஒரு இஞ்ச் வித்தியாசத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவளுக்கு இது தெரியாமல் போகுமா?

“என்னடி இது? யாரோ பிடிச்சிருக்காங்க.”

“நான்தான்.”

“எவ்ளோ?”

“ரெண்டு இஞ்ச்.”

“என்கிட்ட கேக்காமயா?”

“கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பே.”

“அம்மா, இழுத்து வச்சுக்கிட்டு வீட்டுக்கதை பேசாதீங்க” என்று விசில் வாய் திறந்தார். கூடமே திரும்பிப் பார்த்தது. அக்கா வில்லை இறக்கினாள்.

“வீட்டுல ஒண்ணுன்னா ரெண்டு பேருக்கும்தானே? என்னைக்காவது உன்னுது என்னுதுன்னு பிரிச்சிருக்கேனா?”

“இல்லக்கா. நீ பிரிச்சதே இல்ல.” தங்கச்சி குரல் உயரவில்லை. “எனக்குத்தான் முடியல. உனக்கு வேணும்னா உன் கைக்கு ஒண்ணு வாங்கலாம். நானும் கூட வரேன்.”

“வீட்டுல ரெண்டு வில்லா? போருக்கா போறோம்?”

பக்கத்துக் கோட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அக்காவுக்குக் காது சிவந்தது. “நாளைக்கே மறுபடி மாத்தி வச்சுட்டு வா.”

“மாட்டேன்.”

டாக்டர் இன்றைக்கு வரமாட்டார் என்று முன்மேசையில் சொல்வாளே, அதே குரல். அதில் கோபம் இல்லை, கெஞ்சல் இல்லை, திறப்பதற்குக் கதவும் இல்லை. அக்கா அந்தக் குரலை அதற்கு முன் கேட்டதில்லை. ஆஸ்பத்திரிப் பக்கமே போகாத அதிர்ஷ்டமான பல் அவளுக்கு. வில்லைத் தங்கச்சி கையில் திணித்துவிட்டுப் பின்னால் போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். அன்று பேருந்தில் பெட்டியின் மறுமுனையைப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு அக்கா வரவேயில்லை. முதல் வாரம் தலைவலி, அடுத்த வாரம் முடிக்க வேண்டிய திரைச்சீலை. தெருவுக்கு அவள் கொடுத்த விளக்கம் வேறு. “அது சின்னப் பிள்ளைங்க வில்லுங்க. என் கைக்கெல்லாம் ஆகாது.” கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, மறுபக்கம் திரும்பி, அக்கா தங்கச்சிக்குள் பேச்சுவார்த்தை இல்லையாமே என்று பரப்பினார்கள். பேச்சுவார்த்தை இருந்தது. ஊதா நூலை எடு என்கிற அளவுக்கு இருந்தது.

தங்கச்சி தனியாகப் போனாள். பெட்டி இப்போது இரட்டைக் கனம். பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாக வந்தது. வெற்றி பெற்றவள் முகம் மாதிரி இல்லை அது. தூக்கம் போதாதவள் முகம்தான். அக்காவை அழ வைத்திருப்போமோ என்று பாதி வழிவரை யோசித்தாள். மிச்ச வழிக்கு யோசிக்கவும் களைப்பாக இருந்தது.

எய்ய விசில் ஊதியது. இழுத்தாள். கனத்தது, இன்னும் கனத்தது, பிறகு அவள் கை முடிகிற சரியான இடத்தில் மொத்தமும் கழன்றது. பின்னாலிருந்து முழங்கையைத் தூக்கச் சொல்ல யாருமில்லை. மற்றவர்களின் அம்புகள் ஒவ்வொன்றாகப் போய்ப் பலகையில் தொப்புத் தொப்பென்று குத்தின. அவள் இன்னும் விடவில்லை. விசில் அவளைப் பார்த்தார். அம்பு பொறுக்க ஊத விசிலை வாயருகே கொண்டுபோனவர், என்ன நினைத்தாரோ, ஊதாமல் அப்படியே நின்றார்.