காஷ்-பொ

உயிர்த்த ஞாயிற்றுக்குள் பூக்காவிட்டால் செடி வீட்டை விட்டுப் போகும், அந்த மூலைக்குப் பெரிய டிவி வரும். புருஷன் அம்புறோஸிடம் வாய் கொடுத்து றோசலின் மாட்டிக்கொண்ட பந்தயம் அது. இன்று பெரிய சனி, உயிர்த்த ஞாயிற்றுக்கு முதல் நாள். டிவியை இறக்கிவிட்டுச் செடியை ஏற்றிப்போக அவளுடைய தம்பி கிறிஸ்தோப்பர் தன் வான் வண்டியில் வந்துகொண்டிருந்தான்.

இல்-பிசார் என்ற பிரெஞ்சுக்காரர் ஊரில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்தபோது செடியும் சட்டியுமாக வாங்கியது. விக்டோரியா மகாராணி காலத்துச் சட்டி, பச்சை மினுக்கத்தில் தாமரை இலைகள், விளிம்பில் ஒரு தவளை. அதற்குள்ளே சாதாரண மண்சட்டியில் அஸ்பிடிஸ்ட்ரா. அந்தக் காலத்து இருட்டு வரவேற்பறைகளிலேயே தழைத்த கெட்டிச் செடி. பூக்கும் என்று படித்ததை நம்பி, றோசலின் மூன்று வருடமாக இலை இலையாகத் தடவிப் பார்த்துவிட்டாள். மொட்டுக்கூட இல்லை. அம்புறோஸுக்கோ அந்தச் சட்டி வெறும் படிக்கம், வெற்றிலை துப்பத்தான் லாயக்கு.

கடைசியாக ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று அழுகை முட்ட முன்னறைக்கு வந்தவள் திகைத்து நின்றாள். அம்புறோஸ் மண்சட்டியை வெளியே தூக்கி வைத்துவிட்டு, தவளைச் சட்டிக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா செய்யிறியள்?"

மனுசனுக்கு அசடு வழிந்தது. "வித்த பொம்பிளை இதைக் காஷ்-பொ எண்டவவெல்லே? காசு வைக்கிற பொட்! இப்பதான் மண்டையில பட்டது. உன்ர தம்பி சும்மா அள்ளிக்கொண்டு போகட்டும் எண்டு விடவோ?"

சோபாவில் கிடந்த மகள் ஜெசிக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, அது பிரெஞ்ச்! காஷ் எண்டா ஒளிக்கிறது. மண்சட்டியை ஒளிக்கிற சட்டி!"

அம்புறோஸ் அவசரமாகப் பேச்சை மாற்றினார். "இஞ்ச பார், செடி அழுகிப் போச்சு. அடியில காளான்." கிள்ளி எறியக் கையை நீட்டினார்.

"தொடாதேங்கோ!"

றோசலின் பாய்ந்து அவர் கையைப் பிடித்தாள். இலைகளை விலக்கினாள். மண்ணோடு மண்ணாக, கத்தரிப்பூ நிறத்தில், தடித்த இதழ்களோடு ஒரு பூ! பக்கத்தில் இன்னொன்று! அங்கே ஒரு ஓரத்தில் காய்ந்து சுருண்ட பழைய பூக்கள். அப்படியென்றால் முன்பும் பூத்திருக்கிறது! அவள் மேலே மேலே தேடிக்கொண்டிருக்க, பாழாய்ப்போன அந்த அழகுச் சட்டி தன் உயர்ந்த விளிம்புக்குள் பூவையும் சேர்த்தல்லவா ஒளித்து வைத்திருக்கிறது. றோசலினுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

மணி அடித்தது. கிறிஸ்தோப்பர் டிவிப் பெட்டியோடு மூச்சு வாங்க நின்றான்.

"எங்கயக்கா செடி?"

"டிவியைத் திருப்பிக் கொண்டு போ. இல்லை, நில், முதல்ல வந்து முழங்காலில இரு. அப்பதான் தெரியும்."

அம்புறோஸ் ஏற்கெனவே முழங்காலில்தான் இருந்தார். "வா மச்சான், வா," என்று கையைக் காட்டிக் கூப்பிட்டார். "எங்கட செடி பூத்திருக்கு!"