மூன்றாம் ஓலை

பெனிஷாவின் முதல் ஆல்பம் வெள்ளிக்கிழமை வெளிவந்தது. ஞாயிறு காலைப் பூசைக்குள் அதை அழித்துவிட வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். பாட்டுகளை இணையத்தில் ஏற்றியவள் நான், அவளுடைய பெரியப்பா மகள் கிளாரா. எடுக்கவும் என்னால்தான் முடியும்.

ஏழு பாட்டு. ராயப்பன்பட்டிக் கோயிலில் நாங்கள் பாடுகிற குரலில் தொடங்கும், நடுவில் பறை இறங்கும், ராப் வரும், ஒப்பாரி மெட்டில் முடியும். என்ன வகை என்று கேட்டால் எங்களுக்கே தெரியாது. ஏழும் சொல்வது ஒன்றுதான்: என் உடம்பு எனக்குப் பிடிக்கும், பிடிக்காதவர்கள் நகர்ந்து போங்கள். அட்டைப்படத்தில் அவள் கழுத்தும், காதுக்குக் கீழிருந்து தோள்வரை பரவிய வெண்படையும் அப்படியே இருக்கும். பத்து வருஷம் துப்பட்டாவுக்குள் கிடந்த கழுத்து. படத்தைப் பார்த்து நான் அழுதேன், சொல்ல எனக்கென்ன வெட்கம்.

அவளுக்குப் பேசி முடித்த மாப்பிள்ளை அமல்ராஜுக்கு வெண்படை விஷயம் தெரியும். தெரிந்துதான் சம்மதித்தார், பெரிய மனசாம். ஊருக்குத் தெரிவதுதான் அவருக்கு ஆகவில்லை.

எங்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை அறிந்தவர்கள் சொல்லுங்கள் என்று பங்குச் சாமியார் கேட்பார். யாரும் வாய் திறந்ததில்லை. இரண்டு ஓலை முடிந்திருந்தது. ஆல்பத்தை எடுக்காவிட்டால் மூன்றாவது ஓலையில் தானே எழுந்து தடை சொல்வதாக அமல்ராஜ் போனில் மிரட்டியிருந்தார்.

பூசைக்கு முன் பெனிஷாவின் அப்பா பீட்டர்ராஜ், கோயில் பாட்டுக்கு நான் வாசிக்கும் கீபோர்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"எடுத்துரு ஆத்தா. மாப்ள வீட்டுக்காரக வந்து உக்காந்திருக்காக. கோயிலுக்குள்ள மானம் போச்சுன்னா நான் உசுரோட இருக்க மாட்டேன்."

"அவகிட்டக் கேட்டீகளா சித்தப்பா?"

"அவகிட்ட என்னத்தக் கேக்குறது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் கை கூப்பினார். செல்போனைத் திறந்தேன். அழிக்கவா என்று திரை கேட்டது. பெண்கள் பக்கம் பார்த்தேன். பெனிஷா ஒரே ஒரு முறை தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. செல்போனை அணைத்துவிட்டேன். சித்தப்பா முகம் செத்துப்போனது. மணி அடிக்கவும் அவர் ஆண்கள் பக்கம் போய் உட்கார்ந்தார்.

பிரசங்கத்தில் ஒரு சொல் காதில் விழவில்லை. காணிக்கைப் பாட்டில் இரண்டு இடம் தப்பாக வாசித்தேன். அமல்ராஜ் திரும்பித் திரும்பி என்னை முறைத்தார். கடைசியில் சாமியார் தாளை எடுத்தார்.

"மூன்றாம் ஓலை. தேவதானப்பட்டி அமல்ராஜுக்கும், இவ்வூர் பீட்டர்ராஜ் மகள் பெனிஷாவுக்கும்... தடை ஏதும் அறிந்தவர்கள்..."

அமல்ராஜ் முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழப்போனார். அதற்குள் பெனிஷா எழுந்துவிட்டாள்.

"நான் சொல்றேன் சாமி."

முக்காட்டை எடுத்தாள். துப்பட்டாவைக் கழுத்திலிருந்து இறக்கினாள். கோயில் மொத்தமும் பார்த்தது.

"இது வெண்படை. யாருக்கும் ஒட்டாது. இதை ஆயுசுக்கும் மறைச்சு வைக்கச் சொல்றாக. என்னால முடியாது சாமி. எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்."

சாமியார் சித்தப்பாவைப் பார்த்தார்.

"பீட்டர்ராஜ், மறைக்கச் சொன்னது உங்களுக்குத் தெரியுமா?"

அவளை அடித்துவிடுவார் என்றே பயந்தேன். சித்தப்பா மெல்ல எழுந்தார்.

"மாப்ள வீட்டுக்காரகளச் சொல்லிக் குத்தமில்ல சாமி. பத்து வருசமா மறைக்கச் சொன்னது நாந்தேன்."

பிறகு அவர் உட்காரவில்லை. நடுவழியைத் தாண்டி, பெண்கள் பக்கத்தில் மகளோடு போய் நின்றுகொண்டார்.