ஐந்து மணிக்குள்

ஐயாவின் இடுப்புக்கு அடியில் கையைக் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு புரட்டு. ஜினராஜ் வாத்தியார் வலது பக்கமாகச் சாய்ந்தார். உண்ணாமலை அவர் முதுகுக்குத் தன் முட்டியை அண்டைகொடுத்துக்கொண்டே ஈரத்துணியைப் பிழிந்து துடைத்தாள். பக்கவாதத்தில் இடது பக்கம் மொத்தமும் விழுந்துபோன மனுஷன். ஆறு வருஷமாகப் படுக்கை. முதுகில் ஒரு புண் உண்டா என்றால் கிடையாது. பார்க்க வந்த டாக்டரே ஒருதரம் ஆச்சரியப்பட்டுவிட்டுப் போனார்.

ஜன்னல் கட்டையில் இருந்த போனில் அவள் மகள் அபிநயாவின் குரல் கேட்டது. பக்கத்து வீட்டுப் போனிலிருந்து பேசினாள்.

"எங்க, இன்னொரு வாட்டி சொல்லும்மா."

உண்ணாமலை கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, பழகுவதற்காகப் போனில் இருந்த ஒரு பழைய செய்தியை எட்டப் பிடித்துப் பார்த்தாள். "நாலு. ஒம்போது. ரெண்டு ரெண்டு..."

"ரெண்டு ரெண்டுனு சேத்து சொல்லாதம்மா, கொழம்பிடும். ஒண்ணொண்ணா சொல்லு. நான் ம்னு சொன்னப்பறம் அடுத்தது."

"இந்த இங்கிலீஷ் எழுத்தெல்லாம்?"

"அத்த உடு. நடுவுல ஆறு நம்பர் இருக்கும். அது மட்டும்தான். பத்து நிமிஷந்தான் அதுக்கு உசுரு, அப்பறம் வேற நம்பர் வரும். அஞ்சு மணிக்குள்ள போட்டுடணும்மா."

அடியண்ணாமலையில் ஒத்தை அறை வீட்டில் இருந்துகொண்டு, அரசுப் பள்ளியில் படித்து, அபிநயா வாங்கியிருந்த மார்க்குக்குச் சென்னையில் பெரிய காலேஜிலேயே கம்ப்யூட்டர் படிப்புக்கு இடம் வந்திருந்தது. முந்தாநாள் சாயங்காலம் தெரிந்தது. அந்த இடம் எனக்கு வேண்டும் என்று இன்றைக்கு ஐந்து மணிக்குள் கம்ப்யூட்டரில் உறுதி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். நேற்று பூராவும் அவள் அப்பன் இருசப்பன் முறுக்கிக்கொண்டு நின்றான். பொட்டப்பிள்ளையைத் தனியாக மெட்ராசுக்கு அனுப்புவதா என்று ஒரே சத்தம். ராத்திரி சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துதான் ஒருவழியாகத் தலையாட்டினான். இன்றைக்குப் பார்த்து வேங்கிக்கால் பக்கம் மாசாந்திரக் கரண்ட் கட். ஒன்பதிலிருந்து நாலு வரைக்கும். அங்கே இருந்த பிரவுசிங் சென்டர்காரன் நாலு மணிக்கு வா, முதல் ஆளாகப் போட்டுத் தருகிறேன் என்றிருந்தான். உறுதிசெய்யும்போது வருகிற நம்பர், வீட்டில் இருக்கிற ஒரே போனுக்குத்தான் வரும்.

அந்தப் போனைக் காலையில் மகளிடமே கொடுத்துவிடத்தான் உண்ணாமலை நினைத்தாள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜர் குமரேசன் விடவில்லை.

"போன் கையிலயே இருக்கணும், உண்ணாமல. மேடம் மெட்ராஸ்ல கெளம்பனதும் கூப்புடுவேன். ஐயாவ அந்த டயத்துக்கு ரெடி பண்ணணும். ஆங், இன்னொண்ணு. அக்கா கிக்கானு கூப்புடாத. படம் எடுக்கறவங்கல்லாம் இருப்பாங்க. மேடம்னு சொல்லு."

மேடம் என்றால் ஐயாவின் மகள் ஜெயமதி. அமெரிக்காவில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் கம்பெனிக்கே தலைவி. நாற்பதாயிரம் பேர் அவள் சொன்னால் கேட்பார்கள் என்று குமரேசன் சொல்லுவான். போனில் முகம் பார்த்துப் பேசும்போதெல்லாம் உண்ணாமலை அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அந்த அக்காவும் பிரியமாகத்தான் பேசும். திண்டிவனத்துக்குப் பக்கம் ஒரு சமண ஊரில் பிறந்த வாத்தியார் மகள், திருவண்ணாமலை பெண்கள் பள்ளியில் படித்து, அவ்வளவு உயரம் போன கதையைப் படம் எடுக்கிறார்கள். அதற்காகத்தான் நாலு நாளாக வீட்டுக்கு வெள்ளையடிப்பும் கழுவலும். செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்தத் தெருவில் மூன்று வேன்கள் நின்றன.

பதினோரு மணிக்கு என்றார்கள். பன்னிரண்டானது. ஒன்றானது. ஐயாவுக்கு வெள்ளை வேட்டி கட்டி, சட்டை மாட்டி, சவரம் செய்து உட்கார வைத்தாள். இரண்டு மணிக்குச் சட்டையில் எச்சில் வடிந்து, வேறு சட்டை மாற்றினாள். ஜெயமதியின் கார் வந்து நின்றபோது மூன்றேகால்.

வந்ததும் நேரே அப்பாவிடம்தான் வந்தாள். குனிந்து நெற்றியில் முத்தம் கொடுத்தாள். உண்ணாமலையின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்," என்றாள். கண் கலங்கியிருந்தது. பொய்க் கண்ணீர் இல்லை. "பொண்ணு நல்லா படிக்கிறாளா?"

"படிக்கிறாங்க மேடம். காலேஜி..."

அதற்குள் இரண்டு பேர் ஜெயமதியின் சட்டைக்குள் மைக் வயரை விட வந்துவிட்டார்கள்.

படத்தின் டைரக்டர் ஸ்வேதா என்ற பெண். முப்பது வயதுகூட இருக்காது. பம்பரமாகச் சுற்றினாள். சக்கர நாற்காலி வேண்டாம், ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்றாள். ஐயா அந்தக் காலத்தில் உட்கார்ந்து பேப்பர் திருத்திய மர நாற்காலியைப் பின்தாழ்வாரத்தில் போடச் சொன்னாள். அதில் பெல்ட் இல்லை, தலைக்கு அண்டை இல்லை. உட்கார வைத்த உடனே ஐயா இடது பக்கமாகச் சரிந்தார்.

"அக்கா, நீங்க பின்னாடி கீழ உக்காந்து ஒரு கையால தாங்கிப் பிடிச்சிக்கோங்க. நாற்காலி முதுகுல சால்வய போட்டுடறோம், நீங்க தெரிய மாட்டீங்க. தல மட்டும் தூக்காதீங்க."

அப்போதுதான் குமரேசன் ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு வந்தான். எல்லாருடைய போனும் அதற்குள். சத்தம் வரக்கூடாதாம், யாரும் படம் எடுத்துவிடக்கூடாதாம்.

"எம்பொண்ணு நாலு மணிக்கி ஒரு நம்பர் கேப்பாங்க. காலேஜி சீட்டுக்கு. அது இந்த போனுக்குத்தான் வரும்," என்றாள் உண்ணாமலை.

"அதுக்கின்னா இப்போ? நாலேகாலுக்கு முடிஞ்சிடும். அஞ்சு மணிக்குள்ள தானே? குடு, குடு. மேடம் நிக்கறாங்க பாரு."

கொடுத்தாள். கொடுத்த கையை என்ன செய்வதென்றே அப்புறம் தெரியவில்லை. ஐந்து மணிக்குள்தானே, முக்கால் மணி நேரம் கிடக்கிறதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் மண்டியிட்டாள். இடது கையைச் சால்வைக்கு அடியில் விட்டு ஐயாவின் தோள்பட்டையைத் தாங்கினாள். ஒரு மூட்டை அரிசியின் பாரம் மணிக்கட்டில் இறங்கியது.

டிக்டிக் சத்தம் மைக்கில் கேட்கிறது என்று ஒலிப்பதிவுக்காரர் சுவர்க் கடிகாரத்திலிருந்து பேட்டரியை உருவினார். கடிகாரம் நாலு ஐந்தில் நின்றது.

ஜெயமதி அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். நன்றாகத்தான் பேசினாள். வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடையில் பள்ளிக்கூடம் நடந்துபோனது. சென்னையில் கம்ப்யூட்டர் படித்தது. அமெரிக்காவில் ஜன்னல் இல்லாத அறையில் ராத்திரி வேலையில் தொடங்கி, முப்பது வருஷத்தில் ஒவ்வொரு படியாக மேலே போனது.

"எல்லாத்துக்கும் ஆரம்பம் ஒரே ஒரு நாள். காலேஜ் சீட்டுக்கு லெட்டர் வந்தது, கடைசி நாள் காலையில. அப்பா ஸ்கூலுக்கு லீவ்கூட சொல்லல. பஸ்ஸப் பிடிச்சி மெட்ராஸ் போனாரு. ஆபீஸ் கதவ மூடிக்கிட்டு இருக்காங்க. உள்ள ஓடிப்போயி கையெழுத்து போட்டாரு. ஒரு பத்து நிமிஷம் லேட் ஆகியிருந்தா, என் சீட்டு வேற யாருக்கோ போயிருக்கும். நான் இங்க இருந்திருக்க மாட்டேன்."

உண்ணாமலை குனிந்தபடியே நாற்காலிக் கால்களுக்கு நடுவே பார்த்தாள். கேமராவுக்குப் பின்னால் ஸ்டூலின்மேல் அந்தப் பிளாஸ்டிக் டப்பா இருந்தது. அதன் பக்கவாட்டில் நீலமாக ஒரு வெளிச்சம் வந்தது. கொஞ்ச நேரம் எரிந்து அணைந்தது. மறுபடியும் எரிந்தது. பத்துப் போனில் யாருடையது என்று எப்படித் தெரியும்? ஆனால் அவளுக்குத் தெரிந்தது.

"சூப்பர் மேம்," என்றாள் ஸ்வேதா. "ஒரே ஒரு வாட்டி. பின்னாடி ஒரு ஆட்டோ சத்தம் வந்துடுச்சி."

உண்ணாமலை தலையைத் தூக்கினாள். "அம்மா, டைரக்டரம்மா. போன ஒரே ஒரு நிமிஷம் குடுங்கம்மா. நம்பர் மட்டும் பாத்து சொல்லிட்டு..."

"அக்கா, லைட் போயிடும் அக்கா. ரெண்டே நிமிஷம். கைய எடுத்துடாதீங்க, சார் சாயறாரு பாருங்க."

"என்னவாம்?" என்று கேட்டாள் ஜெயமதி.

"ஒண்ணுமில்ல மேம். நீங்க அந்த லெட்டர்லருந்து ஆரம்பிங்க."

ஜெயமதி லெட்டரிலிருந்து ஆரம்பித்தாள். கடைசி நாள் காலை. பஸ். மூடுகிற கதவு. பத்து நிமிஷம். இந்த முறை அழுகை சரியான இடத்தில் வந்தது. ஸ்வேதாவின் கண்ணும் நனைந்தது. நனைந்த கண்ணோடு அவள், இதையே இன்னும் கிட்டத்திலிருந்து ஒன்று எடுத்துக்கொள்ளலாம் என்றாள்.

கையை எடுத்துவிடலாமா என்று உண்ணாமலை நினைத்தாள். எடுத்தால் ஐயா விழுவார். எண்பத்திரண்டு வயது, விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும். ஆறு வருஷம் புண்ணில்லாமல் பார்த்துக்கொண்ட உடம்பு. வேலை போனால் போகட்டும் என்றுகூட ஒரு கணம் மனசு துணிந்தது. கை துணியவில்லை. ஐயாவுக்கு என்ன தெரிந்ததோ, உயிருள்ள வலது கையைப் பின்னால் கொண்டுவர முயன்றார். தொண்டையிலிருந்து 'ஆ, ஆ' என்று சத்தம் வந்தது.

"அப்பாவும் ஞாபகப்படுத்திக்கறாரு," என்றாள் ஜெயமதி, கேமராவைப் பார்த்து.

கடிகாரம் நாலு ஐந்திலேயே நின்றது. ஆனால் உண்ணாமலைக்கு மணி பார்க்கக் கடிகாரம் தேவையில்லை. பொழுது சாய்ந்த பிறகு ஐயா ஒரு வாய் தண்ணீர்கூடத் தொடமாட்டார், சமணர்கள் வழக்கம் அப்படி. அதனால் ஆறு வருஷமாக வெயிலைப் பார்த்துத்தான் அவருக்குச் சோறு. தோட்டத்துக் கொய்யா மரம் இரண்டாகப் பிரியும் கவையில் வெயில் இறங்கினால் ஐந்து, குழைய வடித்த சோற்றை அடுப்பிலிருந்து இறக்க வேண்டும். அடிமரத்துக்கு வந்தால் ஐந்தரை, ஊட்ட வேண்டும். வெயில் இப்போது கவைக்கு ஒரு சாண் மேலே நின்றது. டப்பாவில் வெளிச்சம் எரிந்து அணைந்தது. எரிந்து அணைந்தது.

'அண்ணாமலையாரே, அந்த வெயில அங்கேயே நிறுத்துப்பா,' என்று வேண்டினாள். மூன்றாவது தடவையாக ஜெயமதியின் அப்பா மெட்ராஸ் பஸ்ஸைப் பிடித்தார். மூன்றாவது தடவையும் கதவு மூடுவதற்குள் உள்ளே ஓடினார். உண்ணாமலை நாற்காலிக்குப் பின்னால் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். ஒலிப்பதிவுக்காரர் மட்டும் காதில் மாட்டியிருந்ததை அழுத்திக்கொண்டு, எங்கிருந்து சத்தம் என்று சுற்றிலும் பார்த்தார்.

வெயில் கவையில் இறங்கியது. கவையைத் தாண்டியும் இறங்கியது.

"இப்போ மேம் அப்பாவுக்கு ஊட்டற மாதிரி ஒண்ணு. இந்த லைட்டுதான் தங்கம் மாதிரி இருக்கு," என்றாள் ஸ்வேதா. அடுப்படியிலிருந்து குமரேசன் கிண்ணத்தைக் கொண்டுவந்தான். ஜெயமதி ஸ்பூனைப் பிடித்த விதத்தில் சோறு ஐயாவின் தாடையில் வழிந்தது. கட். துடைத்தார்கள். மறுபடி. ஒரே வாய்ச் சோற்றை ஐந்து தடவை ஊட்டினார்கள். முடித்துவிட்டு ஸ்வேதா கைதட்டியபோது மரத்தில் வெயிலே இல்லை. கிண்ணத்தில் சோறு அப்படியே இருந்தது. ஐயா வாயை இறுக மூடிக்கொண்டார். இனி நாளைக் காலையில்தான்.

உண்ணாமலையால் எழுந்திருக்க முடியவில்லை. கால் மரத்திருந்தது, கை நாற்காலியின் வடிவத்திலேயே மடங்கியிருந்தது. ஜெயமதி வந்து தோளைத் தொட்டாள். ஒரு சாக்லெட் டப்பாவை நீட்டினாள்.

"பாவம், ரொம்ப நேரம் உக்கார வெச்சிட்டோம். இது உங்க பொண்ணுக்கு. நல்லா படிக்கச் சொல்லுங்க. என்ன உதவின்னாலும் என்கிட்ட கூச்சப்படாம கேக்கணும், சரியா?"

உண்ணாமலை வாயைத் திறந்தாள். "அக்கா," என்றாள். ஜெயமதி அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுக் காருக்குப் போனாள். மெட்ராசில் ராத்திரி விமானம்.

குமரேசன் டப்பாவைத் திறந்து போன்களைக் கொடுத்தான். உண்ணாமலையின் போனில் பதினேழு தடவை கூப்பிட்ட குறி. மேலே மணி ஆறு நாற்பது. அதன் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக நாலு செய்தி. எல்லாம் இங்கிலீஷ், எல்லாவற்றின் நடுவிலும் ஆறு நம்பர்.

ஐயாவைச் சக்கர நாற்காலிக்கு மாற்றிப் பெல்ட்டைப் போட்டாள். கழன்றிருந்த வேட்டியைச் சொருகினாள். பிறகு தாழ்வாரத்து ஓரத்தில் உட்கார்ந்து, பதினேழு தடவையும் வந்த அந்தப் பிரவுசிங் சென்டர் நம்பரைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே அபிநயா எடுத்தாள்.

"பாப்பா. வந்துருக்குது பாப்பா. நாலு வாட்டி வந்துருக்குது. கடசியா வந்தத சொல்றேன். பேனா இருக்குதா?"

மேசைமேல் பேனா உருளும் சத்தம் கேட்டது.

"ம்," என்றாள் அபிநயா.

உண்ணாமலை போனை எட்டப் பிடித்துப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காதில் வைத்துச் சொன்னாள், மறுபடியும் எட்டப் பிடித்து அடுத்ததைப் பார்த்தாள். காலையில் மகள் சொல்லிக்கொடுத்தபடியே, ஒவ்வொன்றாக, நிறுத்தி.

"ஏழு."

"ம்."

"சைபரு."

"ம்."

"மூணு."

"ம்."

"அஞ்சு. இன்னொரு அஞ்சும் இருக்குது, அத்த தனியா சொல்றேன். அஞ்சு."

"ம். ம்."

"ஒண்ணு. அவ்ளோதான். எழுதிக்கினியா பாப்பா?"

"எழுதிக்கினேன்மா," என்றாள் அபிநயா. அவளுக்குப் பின்னால் பிரவுசிங் சென்டரின் ஷட்டரை யாரோ இழுத்து மூடும் சத்தம் கேட்டது.